பாட்டும் படிப்பும்

முத்தமிழ் என்று மொழியை மூன்றாகப் பகுத்து, இயலுக்கும் கூத்துக்கும் நடுவே இசையை வைத்துப் போற்றியவர் நம் முன்னோர். ஆயினும், இயலைக் கற்கும்போதே இசையையும் கேட்கலாமோ என்னும் வினாவை எழுப்ப வேண்டிய தேவை அவர்க்கு நேர்ந்ததில்லை. பாடுவான் ஒருவன் எதிரே வந்திருந்தாலன்றிப் பாட்டுக் கேட்க இயலாத காலம் அது. பாணன் வந்தால் ஊர் கூடிற்று. கூடியவர் ஏனைய வேலையை விட்டுக் கேட்டனர். இசைத்தட்டும் வானொலியும் வந்த பின்னரே, கேட்போன் வேறொன்றைச் செய்துகொண்டிருக்கையில் அவனருகே ஒலித்துக் கிடக்கும் பொருளாகப் பாட்டு மாறிற்று.

இன்று வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனையின் நெருங்கிய மனைகளிலும் இரவு பத்து மணிக்குமேல் விழித்திருந்து படிக்கும் மாணவர் பலருடைய செவிகளில் இயர்போன் செருகப்பட்டிருக்கக் காண்கின்றோம். பாட்டுக் கேட்டால்தான் படிப்பு மனத்தில் ஏறுகின்றது என்பது அவர் கூற்று. பாட்டுக் கேட்டுக்கொண்டு படித்தால் எங்ஙனம் ஏறும் என்பது பெற்றோர் கூற்று. இவ்வழக்கில் இரு திறத்தாரும் படிப்பின் நலத்தையே பேசுகின்றனர். பாட்டின் நலத்தைப் பேசுவார் ஒருவரையும் காணோம். படித்துக்கொண்டே கேட்கும் பழக்கத்தாற் படிப்புக்கு யாது நேர்கின்றது என்பதோடு, பாட்டுக்கும் கேட்போனுடைய இசைச் சுவைக்கும் யாது நேர்கின்றது என்பதனையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகக் கொள்ளல் வேண்டும். தொழிலோடு இயைந்த பாட்டு என ஒன்று உண்டு. மனத்தை முழுதும் தன்பால் ஈர்க்கும் பாட்டு எனப் பிறிதொன்று உண்டு. உலக்கையால் நெல்லைக் குற்றும் மகளிர் பாடிய வள்ளைப்பாட்டைக் கலித்தொகை காட்டுகின்றது. ஏற்றம் இறைப்போரும் ஓடம் வலிப்போரும் நாற்று நடுவோரும் பாடும் பாட்டுக்களும் இவ்வகையினவே. இவற்றிற் பாட்டின் தாளமும் கை கால்களின் அசைவும் ஒன்றாகின்றன. பாட்டு நின்றால் வேலை தளரும். வேலை நின்றால் பாட்டுக்கு இடமில்லை. இங்கே மனம் செய்யவேண்டிய தொழில் சிறிது. உடல் செய்வதே பெரிது.

மற்றைய வகைக்கு அகநானூற்றின் 102ஆம் செய்யுள் சான்றாகும். மலைச்சாரலிலே பரண்மீதிருந்து கூந்தலைக் கோதி உலர்த்தும் கொடிச்சி ஒருத்தி குறிஞ்சிப்பண் பாடுகின்றாள். தினைப்புனத்துட் புகுந்து கதிரைப் பற்றிய களிறு அப்பாட்டைக் கேட்டவளவில், பற்றிய கதிரை உண்ணவும் மறந்து, நின்ற இடத்தைவிட்டு நீங்கவும் மறந்து, உறங்கத் தொடங்குகின்றது. பசியை வெல்லும் ஆற்றல் இசைக்கு உண்டு என்பதே புலவர் கருத்து. பாட்டினால் தினைப்புனம் காக்கப்பட்டது. ஆனால் யானையின் பக்கத்திலிருந்து நோக்கினால், அது வந்த காரியம் நிறைவேறவில்லை. யானைக்குத் தினை எவ்வாறோ மாணவனுக்குப் புத்தகம் அவ்வாறு. குறிஞ்சிப்பண் எத்துணைச் சிறந்ததோ அத்துணைக்கு அவன் படிப்புக்கு இடையூறாகும்.

இவ்விரு வகையும் ஓரிடத்தே சந்திப்பதைக் கம்பரைப் பற்றிய செவிவழிக் கதையொன்று காட்டுகின்றது. ஏற்றம் இறைத்தவன் பாடிய ஓர் அடியைக் கேட்ட கம்பர், அடுத்த அடி எவ்வாறு அமையுமோ என்று எண்ணி எண்ணி இரவு முழுதும் உறக்கமின்றிக் கழித்து, மறுநாள் மீண்டும் அவ்விடஞ் சென்று காத்திருந்தாராம். இது வரலாறன்று, எனினும் உண்மையொன்றை உள்ளடக்கியது. ஒரே பாட்டு இறைப்பவனுக்கு வேலையை எளிதாக்கிற்று. கேட்ட புலவருக்கோ உறக்கத்தைப் பறித்தது. பாட்டின் பயன் பாட்டில் மட்டும் அமைந்ததன்று. கேட்பவன் யார், அவன் அவ்வேளையில் எதனைச் செய்கின்றான் என்பவற்றிலும் அமைந்துள்ளது. ‘படிக்கும்போது எப்பாட்டுக் கேட்கலாம்?’ என்று பொதுப்பட வினாவுவோர் இவ்வுண்மையை மறந்துவிடுகின்றனர்.

இனி, கற்றலைப் பற்றி நம் இலக்கண நூலார் கூறியதை நோக்குவோம். நன்னூலின் பொதுப்பாயிரத்திலே பவணந்தியார் மாணாக்கன் பாடங்கேட்கும் முறையை விரிக்கின்றார். ஓவியத்தில் எழுதிய பாவைபோல அசைவற்றிருந்து, செவியால் உண்டு, நெஞ்சிலே சேர்த்துவைக்க வேண்டும் என்பது அவர் கூறுவதன் சாரம். அக்காலக் கல்வி செவிவழிக் கல்வி. திருவள்ளுவரும் கல்விக்கு ஓர் அதிகாரமும் கேள்விக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். இன்று நாம் கண்ணாற் படிக்கின்றோம். ஆகவே செவி வேலையின்றி இருக்கின்றது, அதற்கு ஒரு வேலை கொடுத்தாலென்ன என்று மாணவன் வாதிக்கலாம். வாதம் அழகியதே. ஆயினும், வாய்திறவாது படிக்கும்போதும் சொற்கள் நம் உள்ளத்தில் மெல்ல ஒலிக்கவே செய்கின்றன. எண்களையோ பெயர்களையோ மனனஞ் செய்கையில் இதனைத் தெளிவாக உணரலாம். புறச்செவி ஓய்ந்திருப்பினும் அகச்செவி ஓய்ந்திருப்பதில்லை. அவ்வகச்செவியின் வாயிலிலேதான் பாட்டின் சொற்களும் வந்து நெருக்குகின்றன.

பாட்டா, படிப்பா என்னும் வழக்கு நம்மவரிடையே உண்மையாகவே எழுந்த ஓர் இடம் உண்டு. அது மாயூரம், காலம் 1871 அளவில். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் தமிழ் கற்கச் சென்ற உ. வே. சாமிநாதையர் இசைவாணர் குடும்பத்திற் பிறந்தவர். மகனுடைய இசைப்பயிற்சி தடைப்படுதல் கூடாதென்று விரும்பிய தந்தையார், அவ்வூரில் வாழ்ந்த நந்தனார் சரித்திரக் கீர்த்தனை ஆசிரியர் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் அவரை ஒப்புவித்தார். இதனை அறிந்த பிள்ளையவர்கள், இசையிற் பழக்கம் மிகுமாயின் இலக்கண இலக்கியங்களில் அறிவு ஆழ்ந்து செல்லாது எனக் கருதினார். மாணவர் அன்றோடு அவ்விசைப் பாடத்தை நிறுத்திக்கொண்டார். சாமிநாதையரே தம் ‘என் சரித்திரம்’ என்னும் நூலில் இதனைக் கூறியுள்ளார்.

ஆசிரியர் செய்தது தகுமோ? அவர் இசையை உணராத வன்னெஞ்சர் என்று கூறிவிடுதல் எளிது. ஆனால் அது பொருந்தாது. முன்னர் நிகழ்ந்த ஒன்று இதற்குச் சான்று. நந்தனார் சரித்திரத்திற் காணப்பட்ட சொற்குற்றங்களை எண்ணி, அந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வழங்காது பிள்ளையவர்கள் காலந் தாழ்த்தி வந்தார். ஒருநாட் பாரதியார் அவர் இல்லத் திண்ணையில் அமர்ந்து காத்திருக்கையில் தம் கீர்த்தனையொன்றைத் தமக்குள்ளே பாடலானார். உள்ளே இளைப்பாறிக்கொண்டிருந்த பிள்ளையவர்கள் அதனைக் கேட்டு உருகிக் கண்ணீர் வடித்தார், பாயிரமும் கிடைத்தது. இவ்வரலாற்றை நமக்கு அளித்தவரும் சாமிநாதையரே. மாணவனுக்கு இசையை விலக்கிய அதே ஆசிரியர், ஏடு கையில் இல்லாத நேரத்தில், ஓய்ந்த மனத்தோடு கேட்டமையால், இசைக்கு முழுதும் ஆட்பட்டார் என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

பிள்ளையவர்கள் அஞ்சியது இரண்டு பெருங்காதல்கள் ஒரு நெஞ்சிலே போட்டியிடுவதை. அவ்வச்சம் காலத்தின் அளவுபற்றியது, இசையின் இழிவுபற்றியதன்று. சாமிநாதையர் பின்னர் 1892இல் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு பதிப்பித்தார். அவ்வுரை இசைக் குறியீடுகள் நிறைந்தது. முதுமையிலே கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகாவைத்தியநாதையர் என்னும் இசைவாணர் மூவரின் வரலாறுகளையும் எழுதினார். இளமையில் ஒத்திவைக்கப்பட்ட காதல் அழிந்துபோகவில்லை. நம் காலத்து நிலை இதற்கு நேர்மாறானது. புத்தகமும் திறந்திருக்கின்றது, பாட்டும் ஒலிக்கின்றது, ஒன்றின்பால் உள்ள காதலால் மற்றொன்றை விட்டுக்கொடுக்க நேரும் இடர்ப்பாடே எழவில்லை. இரண்டின்மீதும் நாம் காட்டும் அன்பின் சிறுமையை அன்றோ இது காட்டுகின்றது?

இசையையே படிப்பாக்கிக்கொண்டார்க்கு இச்சிக்கல் எழாது. அதற்குக் கொழும்பிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராக வந்தமர்ந்த விபுலாநந்த அடிகள், பழந்தமிழ் யாழின் இயல்பையும் பண்களின் அமைதியையும் கணிதத் துணைகொண்டு ஆராய்ந்து வந்தார். அவ்வாராய்ச்சியின் பயனாகிய யாழ்நூல் 1947 ஆனித் திங்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே அரங்கேறிற்று. அடுத்த திங்களில் அடிகள் மறைந்தார். நரம்பின் நீளத்தையும் சுரத்தின் நிலையையும் கணக்கிட்டு நோக்கிய அவ்வுள்ளம் இசையைப் பின்புலத்தில் ஒலிக்கும் ஓசையாக ஒருபோதும் கொண்டதன்று.

பாட்டு எவ்வாறு பின்புலத்துக்குச் சென்றது என்பதனை இனிக் காண்போம். கொள்ளுப்பிட்டியிற் பிறந்த கலைஞானி ஆனந்த குமாரசுவாமி 1909இல் கொழும்பில் வெளியிட்ட தேசியக் கட்டுரைத் தொகுதியில் கிராமபோனைக் கண்டித்து ஒரு கட்டுரை சேர்த்திருந்தார். பொறியின் பாட்டு உயிருள்ள பாடகனின் இடத்தைக் கவர்ந்து, மக்களின் சுவையையும் தாழ்த்தும் என்பது அவர் கவலை. அவ்வெச்சரிக்கை வெளியாகிப் பதினாறு ஆண்டுகளில், 1925 டிசம்பர் 16ஆம் நாள், கொழும்பு வானொலி ஒலிபரப்பைத் தொடங்கிற்று. 1949இல் இலங்கை வானொலி தனித் திணைக்களமாயிற்று. 1950இல் வர்த்தக சேவை பிறந்தது. 1952இல் இந்தியாவில் ஒலிபரப்பு அமைச்சராகிய பி. வி. கேஸ்கர் சாஸ்திரிய இசையை வளர்க்குமாறு திரைப்பாடல்களை அகில இந்திய வானொலியிற் சுருக்கியபோது, இந்திய இல்லங்கள் பலவும் தம் வானொலிப் பெட்டிகளைக் கொழும்பின் பக்கம் திருப்பின. சுவையைச் சட்டத்தாற் செலுத்த முயன்றதன் விளைவு அது. தமிழகத்திலும் ஈழத்திலும் எஸ். பி. மயில்வாகனனின் குரலை அறியாத வீடு அரிது என்னும் நிலை எய்திற்று.

இங்ஙனம் இசையொலி நம் வீடுகளை நிறைத்த காலத்திலும் வானொலிக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. நிகழ்ச்சிக்கு நேரம் உண்டு. நேரம் கழிந்தால் நிகழ்ச்சியும் கழிந்தது. விரும்பிய பாட்டை நினைத்த பொழுதில் அழைத்தல் இயலாது. ஆதலின் வரும்வரை காத்திருந்தனர், வந்தபோது கேட்டனர். மேலும் ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டியே. தந்தையார்க்குக் கச்சேரி, தாயார்க்குப் பக்திப்பாடல், மக்களுக்குத் திரைப்பாடல் என்று அப்பெட்டி பொழுதைப் பங்கிட்டுக்கொண்டது. தமக்கு விருப்பமில்லாத இசையும் செவியில் விழுந்தமையால், விருப்பத்தின் எல்லை தாமறியாமலே விரிந்தது.

இவ்விடத்தில் எமது அனுபவம் ஒன்றைக் கூறல் பொருந்தும். 1970களின் தொடக்கத்தில், வெள்ளவத்தையிற் காலி வீதிக்கும் கடலோரப் புகையிரதப் பாதைக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில், வாடகை அறையில் இருவர் தங்கி உயர்தரப் பரீட்சைக்குப் படித்துவந்தோம். வீட்டுக்காரர் தம் பழைய வானொலிப் பெட்டியை எம் அறையில் வைத்திருந்தார். அஃது ஓயாது பாடிக்கொண்டிருக்க, யாம் தாவரவியலும் வரலாறும் படிப்பதே வழக்கம். கொட்டாஞ்சேனையிலிருந்து நண்பர் ஒருவர் மாலைதோறும் பேருந்தேறி எம் அறைக்குப் படிக்க வருவார். ஜம்பட்டா வீதிக்கு அண்மையில் எட்டுப்பேர் வாழ்ந்த சிறு வீடு அவருடையது. தெருவின் இரைச்சலும், அயல்வீட்டுச் சண்டையும், தேவாலய மணியும் ஓயாத அவ்விடத்திலிருந்து அமைதியை நாடி வந்தவருக்கு எம் பெட்டியின் ஒலி பெருந்துன்பமாயிற்று. “மச்சான், ஒன்றில் பாட்டைக் கேட்பம், இல்லாட்டிப் படிப்பம்” என்பார். யாம் அவரை இசைப் பகைவர் என்று எள்ளி நகையாடினோம்.

ஒருநாள் யாம் அனைவரும் நன்கறிந்த திரைப்பாடல் ஒன்று வந்தது. நண்பர் புத்தகத்தை மூடி வைத்தார். பாட்டு முடியும்வரை அசையாதிருந்து கேட்டார். முடிந்ததும் பெட்டியை நிறுத்தி, “ரெண்டாவது சரணத்துக்கு முன்னாலை புல்லாங்குழல் எப்பிடி இறங்கி வருது, கவனிச்சனியோ?” என்று வினவினார். யாம் கவனித்ததில்லை. அப்பாட்டை நூறுமுறையேனும் கேட்டிருப்போம். பல்லவியை உரக்கப் பாடவும் அறிவோம். இரண்டாஞ் சரணத்தின் சொற்களும் எமக்குத் தெரியாதென்பதை அன்றுதான் உணர்ந்தோம். அது மட்டுமோ, அப்பாட்டு ஒலிக்கையிற் படித்த பாடமும் நினைவில் இல்லை. நண்பரோ கொட்டாஞ்சேனை விவேகானந்த சபை மண்டபத்திலும் பம்பலப்பிட்டிச் சரஸ்வதி மண்டபத்திலும் நடந்த கச்சேரிகளுக்குத் தனியே சென்று, முன்வரிசையிற் கைகட்டி அமர்ந்து கேட்பவர் என்பதனைப் பின்னரே அறிந்தோம். எம் மூவருள் இசையை மெய்யாகவே நேசித்தவர் அவர் ஒருவரே. 1983 ஆடியில் அவ்வீடு எரியூட்டப்பட்டது. பெட்டியும் அதனோடு போயிற்று. யாம் மூவரும் மூன்று திசையாகப் பிரிந்தோம். இன்றும் அப்பாட்டை எங்கேனும் கேட்க நேரின், அந்தப் புல்லாங்குழல் வருமிடத்துக்காகக் காத்திருக்கின்றோம்.

ஒருவர் அனுபவம் சான்றாகாது என்பார்க்கு ஆய்வாளர் கண்ட முடிவுகளைச் சுருங்கக் கூறுவோம். 1976இல் கோல், வெல்ஷ் என்னும் இருவர் செய்த சோதனையில், வரிசையாகக் காட்டப்பட்ட எழுத்துக்களை நினைவிற் கொள்ள முயன்ற மாணவர், தமக்குப் புரியாத ஜேர்மன் மொழிப் பேச்சு ஒலித்தபோதும் மிகுதியாகப் பிழைவிட்டனர். 1989இல் சலாமே, பாட்லி என்போர் குரலிசை கருவியிசையினும் மிகுதியான இடையூறு விளைத்தல் கண்டனர். இந்தி அறியாத நம்மவர் இந்திப் பாட்டுக் கேட்டுக்கொண்டு படித்தால் தீங்கில்லை என்று கருதிய காலமும் உண்டு. மொழி புரியாமை முழுக் காப்பாகாது என்பது இவற்றாற் பெறப்படும்.

தனிச் சுவையைப் பொறுத்தவரை மிக இன்றியமையாத ஆய்வு, பெர்ஹாம், விசார்ட் என்னும் வேல்ஸ் நாட்டு ஆய்வாளர் 2011இல் வெளியிட்டது. மாணவர் விரும்பிய இசை, வெறுத்த இசை, அமைதி, மாறாது திரும்பத் திரும்ப ஒலிக்கும் ஒரே சொல் ஆகியவற்றை அவர்கள் ஒப்புநோக்கினர். வரிசையை நினைவிற் கொள்ளும் வேலைக்கு விரும்பிய இசையும் வெறுத்த இசையும் ஏறத்தாழ ஒரே வகையில் இடையூறாயின. அமைதியும் மாறாத ஒலியும் நலம் பயந்தன. ‘எனக்குப் பிடித்த பாட்டாதலின் அஃது என்னைக் குலைப்பதில்லை’ என்னும் நம்பிக்கை இதனால் ஆட்டங்காண்கின்றது. வெள்ளவத்தையிற் படித்தோர் கடலலையின் ஓசையைத் தொல்லையாக உணராமைக்கும், அடுத்த அறையில் இருவர் தாழ்ந்த குரலிற் பேசினும் புத்தகத்தை மூடிவிடுவதற்கும் காரணம் இதனோடு ஒத்தது போலும்.

மோசார்ட்டின் இசையைக் கேட்டால் அறிவு வளரும் என்று பரவிய செய்தியையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். 1993இல் முப்பத்தாறு கல்லூரி மாணவரைக் கொண்டு செய்த சிறு சோதனை அதற்கு மூலம். இரண்டு பியானோக்களுக்கு மோசார்ட் இயற்றிய சொனாட்டாவைப் பத்து நிமிடம் கேட்டவர், இடவடிவங்களைப் பற்றிய வினாக்களுக்குச் சற்றே சிறப்பாக விடையளித்தனர். அவ்வாற்றல் பதினைந்து நிமிடத்துக்குமேல் நிலைக்கவில்லை. 1998இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநில ஆளுநர், பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் இசைத்தட்டு வழங்க முன்வருமளவுக்கு அச்செய்தி வளர்ந்தது. அம்மாணவர் வினாவுக்கு விடையளித்துக்கொண்டு இசை கேட்டவரல்லர். முன்னர் இசையை மட்டும் கேட்டனர், பின்னர் விடையளித்தனர். கிளர்ந்த மனநிலையே அவ்வூக்கத்தின் காரணம் எனப் பின்வந்த ஆய்வாளர் விளக்கினர். எம் கொட்டாஞ்சேனை நண்பர் கைக்கொண்ட முறையும் இதுவேயாம்.

வேலையோடு பாட்டை இணைத்தல் எங்கு நலந்தரும் என்பதற்கும் சான்று உண்டு. போர்க்காலத்தில், 1940இல், தொழிற்சாலைகளுக்கென பி.பி.சி. ‘வேலையோடு இசை’ என்னும் பொருள்படும் நிகழ்ச்சியொன்றைத் தொடங்கி 1967வரை நடத்திற்று. பெரும்பாலும் கருவியிசையே அதில் இடம்பெற்றது. தொழிலாளர் கருவியால் இயந்திரத்தைத் தட்டித் தாளமிடத் தூண்டும் என்று பாட்டொன்று விலக்கப்பட்டதும் உண்டு. நம் ஏற்றப்பாட்டின் நெறியே அங்கும் காணப்படுகின்றது. கை பழகிய வேலைக்குத் தாளம் துணை. கருத்தைக் கவரும் பாட்டு இடர். ஆகவே மாணவன் படம் வரைந்து நிறந்தீட்டும்போதும், குறிப்பேட்டைப் படியெடுக்கும்போதும் பாட்டுக் கேட்டலைக் குறைகூற யாம் முன்வரவில்லை.

எதிர்வாதங்களுள் வலிமையுடையது ஒன்றுண்டு. தனியறையும் அமைதியும் பெற்றவனே பாட்டை நிறுத்திவிட்டுப் படிக்குமாறு அறிவுரை கூற வல்லன். கொட்டாஞ்சேனையிலே ஒரே கூடத்தில் தொலைக்காட்சியும், தம்பி தங்கையரின் கூச்சலும், வீட்டார் பேச்சும் நிறைந்திருக்க, மூலையொன்றிற் படிக்கும் பிள்ளைக்கு இயர்போன் ஒரு சுவர். பேச்சொலியின் இடையூறினும் பாட்டொலியின் இடையூறு சிறிதாயின், அவன் பாட்டைத் தேர்வது குற்றமன்று. இதனை யாம் முழு மனத்தோடு உடன்படுகின்றோம். அவன் வேண்டுவது பாட்டன்று, ஒரு மறைப்பு. மழையோசை, அலையோசை, மின்விசிறியின் இரைச்சல் போன்ற மாறாத ஒலி அவனுக்கு அதே சுவரை எழுப்பிக்கொடுக்கும்; விரும்பிய பாட்டையும் சுவருக்குச் செங்கல்லாக்காமற் காக்கும். பள்ளிகளும் சங்கங்களும் கோயில் மண்டபங்களும் மாலைநேரத்தில் அமைதியான படிப்பிடம் வழங்குமாயின் அத்தேவையும் குறையும்.

இனி, சுவையின் கேட்டைப் பற்றிச் சில கூறுவோம். பிரெஞ்சு இசைவாணர் எரிக் சாத்தி, எவரும் கவனியாதவண்ணம் அறையின் தளபாடம் போல இருக்கவேண்டிய இசையொன்றை இயற்றி 1920இல் பாரிஸ் நகரிலே இசைப்பித்தார். இசை தொடங்கியதும் மக்கள் பேச்சை நிறுத்திக் கேட்கலாயினர். அவரோ அங்குமிங்கும் ஓடி, பேசுங்கள், கேளாதிருங்கள் என்று வேண்டினாராம். இசை ஒலித்தால் வாய்மூடிக் கேட்பது அன்றைய மக்களுக்கு இயல்பாயிருந்தது. இன்று, மேசையருகே அமர்ந்து எழுதும் பெண்ணொருத்தியின் ஓவியத்தோடு இரவும் பகலும் ஓயாது ஓடும் ‘லோ-ஃபை’ இசையை உலகெங்கும் மாணவர் படிப்பிற்கென ஒலிக்கவிடுகின்றனர். சாத்தி வேண்டியது அவர்களுக்கு எளிதிற் கைகூடிவிட்டது. படிப்பைக் குலையாத இசை என்ற அளவில் அது சிறந்த தேர்வே. ஆயினும், கேளாதிருப்பதற்கென்றே அமைந்த இசையை நாள்தோறும் ஐந்தாறு மணிநேரம் செவியில் இட்டுக்கொண்டிருப்பவன், கேட்பதற்கென அமைந்த இசை வரும்போதும் கேளாதிருக்கப் பழகிவிடுவான் என்பதே எம் அச்சம்.

சுவை என்பது விருப்பு வெறுப்புக்களின் பட்டியலன்று. ஒன்றிற்கும் பிறிதொன்றிற்கும் உள்ள வேற்றுமையை உணரும் ஆற்றல் அது. திருப்பித் திருப்பிக் கூர்ந்து கேட்டலாலன்றி அது வாய்ப்பதில்லை. யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளில் விடியவிடிய மணலில் அமர்ந்து தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்டவருட் பலர் இசை கற்றவரல்லர். எனினும், எவ்விடத்தில் தலையசைக்க வேண்டும் என்பதனை அவர் அறிந்திருந்தனர். அவ்வறிவு அவர் செலவிட்ட இரவுகளின் ஊதியம். இன்று கையடக்கத் தொலைபேசி, முன்னர்க் கேட்டதைக் கணக்கிட்டு அதனோடு ஒத்ததையே அடுத்து வழங்குகின்றது. தந்தையாரின் கச்சேரியோ தாயாரின் பக்திப்பாடலோ குறுக்கிட வழியில்லை. ஒரே வீட்டில் நால்வர் நான்கு இசையுலகங்களில் வாழ்கின்றனர். ஒவ்வொருவர் சுவையும் தன் அறையைவிட்டு வெளியேறாமலே முதிர்கின்றது. இதனைத் தனிச் சுவையின் வெற்றி என்று கொண்டாடுவார் உளர். ஒப்புநோக்குவதற்குப் பிறிதொன்றைக் கேளாதவனின் சுவையை வளர்ந்த சுவை என்று கூற எம்மால் இயலவில்லை.

கருவியிசை எல்லாம் படிப்பிற்கு ஏற்றது என்னும் பொதுக்கருத்தையும் இவ்விடத்தே திருத்திக்கொள்ளல் நன்று. வீணையில் ஒருவர் தோடியை ஆலாபனை செய்கையிற் சொல் எதுவும் இல்லை. இசை அறியாதவனுக்கு அது தென்றல் போலக் கடந்து செல்லலாம். இராகம் அறிந்தவனோ அடுத்த பிடி எங்குச் செல்லுமோ என்று கம்பரைப் போலக் காத்திருப்பான்; அவன் புத்தகத்தின் ஏடு புரளாது. இசையறிவு வளர வளர, படிக்கும்போது கேட்கத்தக்க இசை அருகிக்கொண்டே வரும். பாட்டுக்கு நடுவே எளிதிற் படிக்க முடிகின்றதாயின், தன் படிப்பின் உறுதியைப் பற்றி மகிழுமுன், தன் செவியின் கூர்மையைப் பற்றி மாணவன் ஒருகால் ஐயுறுதல் நலம்.

இதுகாறும் கூறியவற்றால், மனனஞ் செய்தல், ஆழ்ந்து வாசித்தல், கட்டுரை எழுதுதல் என்னும் மூன்றுக்கும் அமைதியே ஏற்றது என்பதும், கைப்பழக்கமான வேலைக்குப் பாட்டு இசைந்தது என்பதும், இரைச்சலிடையே வாழ்வார்க்கு மாறாத ஒலி சிறந்த மறைப்பு என்பதும் பெறப்பட்டன. இவற்றோடு ஒரு வேண்டுகோளும் உண்டு. பரீட்சைக்குப் படிக்கும் நம் மாணவர் நாளொன்றுக்கு ஒரு பாட்டையேனும், புத்தகத்தை மூடிவைத்து, விளக்கைத் தணித்து, தொடக்கமுதல் இறுதிவரை கேட்பாராக. திரைப்பாடலாயினும் தேவாரமாயினும் ஆகுக; அது தமக்குப் பிடித்ததாக இருத்தலே போதும். வாரம் ஒருமுறை தம் பெற்றோர் விரும்பும் பாட்டொன்றை அவரோடு அமர்ந்து கேட்பாராயின் மேலும் நன்று. நான்கு நிமிடம் ஓரிடத்தில் நிலைத்துக் கேட்கப் பழகிய உள்ளம், நாற்பது நிமிடம் ஓரிடத்தில் நிலைத்துப் படிக்கவும் பழகும் என்பது எமது துணிபு. பரீட்சை முடிந்து புத்தகங்கள் பிறர்கைக்குச் சென்ற பின்னரும் அப்பாட்டு அவரோடு இருக்கும்.